மருமகன் சூளை ஓடு

முன்னொரு காலத்தில் கொன்றைமாபுரியைச் சடுதிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிட நடந்தான் என்பதே சரி. சிம்மாசனத்தில் ஒரு நிமிஷம் உட்கார மாட்டான். சாமரம் வீசுகிறவர்கள் பாவம், பின்னாலேயே நடந்து நடந்து இளைத்துப்போனார்கள்.

அந்த ஐப்பசியில் அவன் நடை இன்னும் கூடிவிட்டது. ஏழைப் பெண்களின் பிரசவத்துக்காக ராஜா கட்டிய தர்ம விடுதியிலிருந்து மருத்துவச்சி காத்தாயி நேரே சபைக்கே வந்துவிட்டாள்.

"மகாராசா, போன மழையில கூரை ஒழுகி, பொறந்த புள்ளைங்களுக்குக் குளிர்ஜுரம் வந்திருச்சு. இப்ப மறுபடி வானம் இருட்டிக்கிட்டு வருது. நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

"போன வருஷம்தானே புது ஓடு வேய்ந்தோம்! யார் சூளை ஓடு அது?" என்றான் ராஜா, நடந்துகொண்டே.

விடுதிக்குத் தர்மகர்த்தாக்கள் மூன்று பேர். இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். மூன்றாமவரான தாண்டவராயர் நெஞ்சை நிமிர்த்தினார். "என் மருமகன் சூளை, மன்னா. இரும்பு மாதிரி ஓடு. வேய்ந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள். இந்த முறையும் அங்கேயே வாங்க முடிவு செய்துவிட்டோம்."

மந்திரி செங்கோடனார் மெல்ல இருமினார். "விற்பதும் உங்கள் வீடு, வாங்குவதும் நீங்கள். அந்தப் பேச்சு நடக்கும்போது மட்டும் வெளியே இருக்கலாமே, ராயரே?"

மந்திரி பதவிமேல் ராயருக்கு நெடுநாளாக ஒரு கண். விடுவாரா? "என் நாணயத்தையா சந்தேகிக்கிறீர்? நான் சொல்வது தப்பென்று காட்டும். முடியாவிட்டால் பதவியை விட்டு இறங்கும்!"

"ஆகட்டும்! நாளைக்குள்!" என்றான் ராஜா. அவனுக்கு எல்லாமே நாளைக்குள்தான்.

மறுநாள் கிடாமுட்டு. ராஜாவின் கிடாவும் ராயரின் கிடாவும் மோதுகின்றன. ஊரே திரண்டிருந்தது. மந்திரி எழுந்து, "இன்றைக்குத் தீர்ப்புச் சொல்லப்போகிறவர் தாண்டவராயர்!" என்றார். கூட்டம் ஹோவென்று கத்தியது.

ராயர் பதறி எழுந்து இரண்டு கைகளையும் ஆட்டினார். "வேண்டாம் மன்னா! என் கிடா களத்தில் நிற்கும்போது நான் எப்படித் தீர்ப்புச் சொல்வேன்? உங்கள் கிடா ஜெயித்தது என்றால் பயந்து சொன்னேன் என்பார்கள். என் கிடா என்றால் பாசத்தில் சொன்னேன் என்பார்கள்."

"உங்களிடம்தான் நாணயம் இருக்கிறதே?" என்றார் மந்திரி.

"அது இருந்து என்ன செய்ய? உண்மையையே சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டார்களே!"

சொன்ன பிறகுதான் தன் வாயால் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ராஜாவின் நடை சட்டென்று நின்றது.

அன்று மாலையே ராஜா, மந்திரி முன்னிலையில் தர்மகர்த்தாக்கள் கூடினார்கள். ஓடு வாங்கும் பேச்சு வந்ததும் ராயரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார் மந்திரி. மற்ற இருவருக்கும் அப்போதுதான் வாய் திறந்தது.

"அவர் முகத்துக்கு எதிரே எப்படிச் சொல்வது, மன்னா? அரைவேக்காட்டு ஓடு. தட்டினாலே உதிர்கிறது."

வேறு சூளை முடிவாயிற்று. அடுத்தது உத்தரத்துக்கு மரம். "அதற்கென்ன யோசனை? என் மைத்துனன் தோப்பில் நல்ல தேக்கு இருக்கிறது" என்றான் ராஜா.

மந்திரி எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"நானுமா?"

"கூரைக்கு ராஜா யாரென்று தெரியாது, மன்னா."

ராஜா முறைத்தான். பிறகு வெளியே போனான். தாழ்வாரத்தில் ஏற்கெனவே உலாத்திக்கொண்டிருந்த ராயரோடு சேர்ந்து அவனும் உலாத்தினான். கடைசியில் கதவு திறந்தது. மைத்துனன் தேக்கு இளமரம், வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். ராயரைத் தர்மகர்த்தா பதவியிலிருந்து இறக்கி, புது ஓடுகளைத் தலையில் சுமந்து ஏணி ஏறச் சொன்னான்.

வேலை முடிந்ததும் பிடித்தது அடைமழை. மனம் பொறுக்காமல் ராஜா விடுதிக்கே ஓடினான். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. காத்தாயி அவனை உட்கார வைத்து, பிறந்து இரண்டு நாளான குழந்தையை மடியில் கிடத்தினாள்.

"இப்பத்தான் கண் அசந்திருக்கு. ஆடாம இருங்க, மகாராசா."

மழை விடும்வரை ராஜா அசையவே இல்லை. சாமரம் வீசுகிறவர்களும் அன்றைக்குத்தான் உட்கார்ந்தார்கள்.