தொடையைக் கிள்ளிய நடுவர்

மலைக்கு ஒரு ராஜா, மடுவுக்கு ஒரு ராஜா என்று இருந்த காலம். அதில் குன்றவேல் என்ற ராஜா இரண்டு மலைகளை ஆண்டார். மேற்கு மலை ஓயாமல் மழை பெய்யும் அடர்காடு, அங்கே காட்டுக்கோழி. கிழக்கு மலை வெறும் பாறையும் முள்ளும், அங்கே கவுதாரி. இரண்டில் எது உசத்தி? ராஜாவுக்கு இப்படி ஒரு கேள்வி வந்துவிட்டது. ராஜாவுக்குக் கேள்வி வந்தால் ஊருக்குத் தூக்கம் போச்சு!

வேடர்கள் ஒரு காட்டுச் சேவலையும் ஒரு பெட்டைக் கவுதாரியையும் பிடித்து வந்தார்கள். அரண்மனை முற்றத்தில் பக்கத்துப் பக்கத்தில் பஞ்சாரக் கூடை போட்டுக் கவிழ்த்தார்கள். மூன்று போட்டி என்று தண்டோரா போட்டதும் ஊரே திரண்டது.

"உங்கள் மலையில் என்ன தின்பீர்கள், அண்ணே?" என்றது கவுதாரி. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் அதற்குத் தலை வெடித்துவிடும்.

"மூங்கிலரிசி, தங்கச்சி! அத்திப்பழம்! நீங்கள்?"

"புல்விதை, கறையான். சரி, நரி வந்தால் என்ன செய்வீர்கள்?"

"மரத்தில் ஏறிவிடுவோம். நீங்கள்?"

"எங்கள் மலையில் மரம் ஏது? இறக்கை ஒடிந்த மாதிரி நொண்டி நொண்டி, குஞ்சுகளை விட்டு நரியை வேறு பக்கம் இழுத்துப் போவோம்."

சேவல் விழுந்து விழுந்து சிரித்தது. "நொண்டுவதா? சீச்சீ, மானம் போய்விடும்!"

முதல் போட்டி, குரல். சேவல் கூவியதில் முற்றமே அதிர்ந்தது. தொந்தி பெருத்த நடுவர், "சேவலுக்கே வெற்றி!" என்றார். சொல்லிவிட்டு அதன் தொடையைக் கிள்ளிப் பார்த்தார்.

"அண்ணே, குரல் கேட்க வந்தவர் தொடையை ஏன் கிள்ளுகிறார்?"

"உனக்குப் பொறாமை!"

இரண்டாவது போட்டி, நிறம். வெயிலில் சேவல் தகதகத்தது. மறுபடியும் அதற்கே வெற்றி. நடுவர் அதன் நெஞ்சு இறகை ஊதி விலக்கித் தோலை உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, நிறம் பார்க்க வந்தவர் தோலை ஏன் பார்க்கிறார்? அவர் விரலில் மிளகு வாசனை வேறு!"

"போடி, உன் வேலையைப் பார்!"

மூன்றாவது போட்டி, நடை. கவுதாரி பதறிப்போய்ச் சொன்னது: "அண்ணே, இந்த ஆள் சமையல்காரர்! ஜெயித்தால் குழம்புதான். நான் நொண்டப் போகிறேன். நொண்டியைக் கண்டால் நரிக்கு ஆசை, மனுஷனுக்கு அருவருப்பு. நீங்களும் நொண்டுங்கள்!"

சொன்னபடியே இறக்கையை இழுத்து, தலையைத் தொங்கப்போட்டு நொண்டியது. "சீக்குப் பிடித்தது, தூக்கிப் போடு!" என்றார் நடுவர். மதிலுக்கு அப்பால் விழுந்த கவுதாரி பிடித்தது ஓட்டம்.

சேவலோ நெஞ்சை நிமிர்த்தி நடந்தது. ஊரே கைதட்டியது. ராஜா தன் கையால் அதற்கு மாலை போட்டார். "இதுவே உசத்தி! இன்றைய விருந்துக்கு இதையே சமையுங்கள்!"

சேவலுக்குக் கவுதாரி சொன்னது அப்போதுதான் உறைத்தது. இத்தனை பேர் கைதட்டிய இடத்தில் எப்படி நொண்டுவது? நொண்டாவிட்டால் கழுத்து போகும். நொண்டினால் மானம் போகும். நடுவராக நின்ற சமையல்காரர் கத்தியோடு வந்துகொண்டிருந்தார். பாவம், அது கண்ணை மூடிக்கொண்டது. ஒரு இறக்கையைத் தொங்கவிட்டது. நொண்டியது.

"ஐயே, இந்தச் சீக்குக்கோழிக்கா மாலை?" என்று ஊரே சிரித்தது.

"இது ராஜா இலையில் விழுந்தால் என் தலை உருளும்!" என்று சமையல்காரர் தள்ளி நின்றுகொண்டார்.

அத்தனை சிரிப்புக்கும் நடுவே, வெட்கத்தில் குன்றிப்போய், சேவல் மதில் வரைக்கும் நொண்டியே போனது. ஒரே எம்பு! மேற்கு மலைப் பக்கம் பறந்துவிட்டது.

ஆகையால், உங்களை யாராவது அளந்து பார்க்க வந்தால், ஜெயிப்பதற்கு முன்னால் எதற்காக அளக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.