சிவப்பு வால் குட்டிகள் யாருக்கு?

பஞ்சாயத்துப் பேச ஆசையுள்ளவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். வழக்கு ஒரு குடம் மீனைப் பற்றியது.

கொளத்தூரில் மரகதத்தின் கணவன் கப்பி என்னும் சின்ன அலங்கார மீன் வளர்த்தான். கப்பி முட்டையிடாது, ஒரு மாதம் சுமந்து குட்டி போடும். பெண் மீன் மங்கலாக இருக்கும். அழகெல்லாம் ஆணின் விசிறி வாலில்தான். நீலம், மஞ்சள், பாம்புத்தோல் என்று அந்த வாலை வைத்தே வகைக்குப் பெயர். தகப்பன் வாலின் நிறம்தான் பெரும்பாலும் ஆண் குட்டிகளுக்கும் வரும். அவன் வருஷக்கணக்கில் பொறுக்கி எடுத்து உண்டாக்கியது ரத்தச் சிவப்பு. அவன் போன பிறகு மரகதமும் மகளும் அந்தச் சிவப்பை விற்றுத்தான் கஞ்சி குடித்தார்கள். ஆனால் அவளுக்கு இரை போடவும் தண்ணீர் மாற்றவும் மட்டுமே தெரியும்.

ஐப்பசி மழையில் சாக்கடைத் தண்ணீர் தொட்டிகளில் ஏறியது. சிவப்பு ஆண் மீன்கள் அத்தனையும் செத்து மிதந்தன. பிழைத்தது ஒரே ஒரு பெண் மீன். அதைக் குடத்தில் விட்டுவிட்டு மரகதம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த தெரு ஏகாம்பரம் வந்தார். கப்பி வளர்த்தே தலை நரைத்தவர். அவர் வீட்டில் இருப்பதெல்லாம் நீல வால்.

"ஆணு இல்லாம இன்னா பண்ணுவ மரகதம்? என்னோட நீலத்த வுடு. என் ஆணுக்குப் பொறக்குற மொத தபா குட்டி பூரா எனக்கு. அப்பால பொறக்கறது உனுக்கு."

"எடுத்துக்கண்ணா. எதுனா ஒண்ணு பொழச்சா போதும்," என்று மகள் தலைமேல் கைவைத்து வாக்குக் கொடுத்தாள்.

அமாவாசையன்று நீல ஆணைக் குடத்தில் விட்டார்கள். பௌர்ணமிக்கு முன்பே குட்டிகள் வந்துவிட்டன. தாய் மறுநாளே செத்தது. குட்டிகள் வளர்ந்து வாலில் நிறம் ஏறியபோது அத்தனை ஆணும் சிவப்பு. அன்றைக்கே ஏகாம்பரம் வாளியோடு வந்து நின்றார்.

"வாக்கு வாக்குதான், மரகதம்."

கொடுத்தால் பிழைப்பு போச்சு. மறுத்தால் மகள் தலையில் அடித்த சத்தியம் பொய். பாவம், அவள் எந்தப் பக்கம் போவாள்? நீங்கள் சொல்லுங்கள், குட்டிகள் யாருக்குச் சேரும்?

விடை: மரகதத்துக்கே. அரை மாதத்தில் எந்தக் கப்பியும் குட்டி போடாது. நீலம் வருமுன்பே தாய் மீன் சினையாக இருந்தது. ஏகாம்பரத்துக்கு இது தெரியாதா? சிவப்பு வகை தன் கைக்கு வரும் என்று தெரிந்துதான் முதல் குட்டிகளைக் கேட்டார். ஆனால் "என் ஆணுக்குப் பொறக்குற" என்று சேர்த்துச் சொன்னாரே, நுணலும் தன் வாயால் கெடும். அவர் ஆணுக்கு ஒரு குட்டியும் பிறக்கவில்லை; தகப்பன் சாக்கடைத் தண்ணீரில் செத்து மிதந்த சிவப்பு. ஆகவே சத்தியம் பொய்க்கவில்லை. அந்த வாளியில் அவருடைய நீல ஆணைப் போட்டு அனுப்பினால் போதும்.