பிரதானி மிதித்த வாசல்

முன்னொரு காலத்தில், கப்பல்கள் வந்துபோகும் ஒரு கடலோர ராஜ்யத்தை இளவழுதி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் சொற்களின் பூர்வீகம் கேட்கிற பைத்தியம் ஒன்று அவருக்குப் பிடித்திருந்தது. துறைமுகத்தில் எந்தப் பரங்கி வந்து இறங்கினாலும் விருந்துக்குக் கூப்பிடுவார். பாவம், அவன் ஒரு கவளம் வாயில் வைப்பதற்குள், "இந்தச் சொல் எங்கே பிறந்தது?" என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு சொல்லின் வேர் எதுவோ அதுதான் அந்தப் பொருளின் உண்மை என்பது அவர் கட்சி. யார் சொல்லியும் கேட்கமாட்டார்.

அப்படித்தான் ஒரு நாள் போர்த்துகீசிய வியாபாரி ஒருவனிடம் ஜன்னலைப் பற்றிக் கேட்டார். அரண்மனைப் பள்ளியறையில் பரங்கி பாணியில் ஒரு ஜன்னல் அப்போதுதான் புதிதாக வைத்திருந்தார்கள்.

"அது எங்கள் சொல்தான், பிரபு. ஜனேலா என்போம். பழைய லத்தீனில் வாசலுக்கு யானுவா என்று பெயர். அதிலிருந்து வந்தது. சின்ன வாசல் என்று அர்த்தம்" என்றான் வியாபாரி.

பிரதானி சிங்கராயர் சாப்பிடுவதை நிறுத்தினார். சபையில் விகடம் பேசும் எட்டியப்பனை அவருக்குக் கட்டோடு ஆகாது. ராஜா தன்னைவிட அவனிடம் அதிகம் பேசுகிறார் என்ற எரிச்சல். அந்த ஜன்னலைச் செய்த மயிலேறி ஆசாரியோ எட்டியப்பனின் தங்கை புருஷன்.

"மகாராஜா, தங்கள் பாட்டனாரைக் காவல் இல்லாத வாசல் வழியாக வந்துதானே கொன்றார்கள்? அன்றுமுதல், பள்ளியறையில் காவல் இல்லாத வாசல் வைத்தவனுக்குக் கழுமரம் என்பது நம் சட்டம். அந்த ஆசாரி தாங்கள் தூங்கும் இடத்தில் வாசல் வைத்திருக்கிறான்" என்றார் சிங்கராயர்.

ராஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வாசலைத் திறந்துபோட்டுக்கொண்டா இத்தனை நாள் தூங்கினேன்?" என்றார். அதற்குமேல் சோறு இறங்கவில்லை. ஆசாரியை வேலை செய்துகொண்டிருந்த இடத்திலிருந்தே கட்டி இழுத்துப்போனார்கள். மறுநாள் உச்சிவேளையில் கழுவேற்றம் என்று தண்டோரா போட்டாயிற்று.

தங்கை பேச்சாயி அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"அண்ணே, ஜன்னல் வச்சதுக்கா உசுர எடுப்பாங்க? நீ சேத்துவிட்ட வேலைதானே இது?"

ஊரையே சிரிக்கவைத்த எட்டியப்பன் அன்று இரவெல்லாம் உட்கார்ந்து யோசித்தான்.

மறுநாள் காலை, துறைமுகத்திலிருந்து மூன்று பரங்கிகளைச் சபைக்கு அழைத்துவந்தான். வேர்கள் பலவாகத் தெரிந்தால் ராஜாவுக்குப் புத்தி தெளியும் என்று நம்பினான்.

"நாங்கள் வெந்தானா என்போம். காற்று என்ற சொல்லில் பிறந்தது" என்றான் ஸ்பானியன்.

"காற்றா?" ராஜா விழித்தார்.

"எங்கள் சொல் விண்டோ. வடக்கே பனிநாட்டுக்காரர்களிடமிருந்து வந்தது. காற்றின் கண் என்று பொருள்" என்றான் இங்கிலீஷ்காரன்.

ராஜா சிம்மாசனத்தைவிட்டு எழுந்தே விட்டார். "கண்ணா? என் பள்ளியறைக்குள் ஒரு கண்ணா பார்த்துக்கொண்டிருந்தது?" என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

மூன்றாமவனான உலாந்தா தேசத்து டச்சுக்காரன் தயங்கினான். "நாங்கள் வென்ஸ்டர் என்போம். லத்தீனிலிருந்து எடுத்ததுதான். அங்கே அதற்கு மூலம் என்னவென்று படித்தவர்களுக்கே சரியாகத் தெரியாது, பிரபு."

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் ராஜாவைக் கலக்கிவிட்டது. யாருக்கும் தெரியாத ஒன்றின் பக்கத்திலா இவ்வளவு நாள் படுத்திருந்தோம் என்று வெலவெலத்துப்போனார். எட்டியப்பன் நினைத்ததற்கு நேர்மாறாகக் காரியம் கெட்டுவிட்டது.

சிங்கராயர் மீசையைத் தடவினார். "யார் என்ன சொன்னாலும் சரி, மகாராஜா. நாம் எடுத்துக்கொண்ட சொல் ஜன்னல். அதன் வேர் வாசல்."

"ஆமாம்" என்றார் ராஜா.

எட்டியப்பன் கைகட்டி நின்றான். "பிரதானி சொல்வதுதான் சரி, மகாராஜா. அது வாசலேதான்."

சபை அதிர்ந்துபோயிற்று. சொந்தத் தங்கையின் தாலியை இவனே அறுக்கிறானே என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள்.

"ஆனால் செய்யவேண்டிய முறை ஒன்று விட்டுப்போயிற்று. இந்த அரண்மனையில் புது வாசல் எதுவானாலும், பிரதானி வலது காலை வைத்துக் கடந்து தங்கள் கையால் பட்டுச் சால்வை வாங்கிய பிறகுதானே அது வாசல் கணக்கில் சேரும்? இதை இன்னும் அவர் மிதிக்கவே இல்லையே. சேராத வாசலுக்கு எப்படித் தண்டனை?"

அது உண்மையிலேயே அந்த அரண்மனையின் வழக்கம். அந்தப் பெருமையைப் பற்றிச் சிங்கராயர் பேசாத இடம் கிடையாது. இப்போது மறுக்க முடியுமா?

"முறை முறைதான். நடக்கட்டும்" என்றார் ராஜா.

பள்ளியறைக்குப் போனார்கள். முக்காலி போட்டுச் சிங்கராயரை ஏற்றினார்கள். வலது காலை வெளியே போட்டார். தலையைக் குனிந்து நுழைத்தார். தொந்தி நுழையவில்லை. பின்வாங்கவும் முடியவில்லை. ஒரு கால் தோட்டத்துப் பக்கம், ஒரு கால் ராஜாவின் மூக்குக்கு நேரே.

எட்டியப்பன் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினான். "பிரதானி ஐயா, வாசலைக் கடந்தாச்சுங்களா?"

"எங்கேடா கடக்கிறது? ஜன்னல்ல மாட்டிக்கிட்டேன், இழுடா."

"எதுல மாட்டிக்கிட்டீங்க?"

"ஜன்னல்லடா, ஜன்னல்ல."

"வாசல்னு சொன்னீங்களே?"

"மனுஷன் போகமுடியாத இடத்தை எவன்டா வாசல்ன்னான்?"

சிங்கராயருக்கே தான் சொன்னது அப்போதுதான் உறைத்தது. உள்ளே ராஜா அந்த ஆடுகிற காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு களுக்கென்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

இரண்டு பக்கமும் ஆட்கள் இழுத்தும் சிங்கராயர் அசையவில்லை. மரநிலையைக் கழற்றித்தான் ஆகவேண்டும். அதைப் பொருத்தியவனோ கழுமரத்தடியில் நிற்கிறான். குதிரைவீரன் பறந்தான்.

மணிக்கட்டில் கயிற்றுத் தடத்தோடு மயிலேறி ஆசாரி வந்தார். சிங்கராயர் கண்ணை மூடிக்கொண்டார். ஆசாரி உளியை எடுத்தார்.

"ஐயா, மூச்சை உள்ள இழுத்துப் பிடிங்க. உங்க மேல படாம பாத்துக்கறேன்" என்றார்.

நிலை கழன்று பிரதானி விடுபட்டதும், ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி எட்டியப்பன் கழுத்தில் போட்டார். பிரதானிக்கு வைத்திருந்த பட்டுச் சால்வையை ஆசாரிக்குப் போர்த்தினார். எட்டியப்பன் மாலையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்தவன் வீடு போகும் வழியெல்லாம் விடவில்லை. அந்தக் கையைத் தங்கை கையில் கொடுத்த பிறகுதான், அவள் முன்னாலேயே உட்கார்ந்து குழந்தைபோல அழுதான்.