மேற்குக் கேலரியில் ஓர் இடம்

"டீச்சர், இனியும் இதில் குறை சொன்னீங்கன்னா பென்சிலைத் தூக்கிப் போட்டுட்டு டயர் கடையே கதின்னு கிடந்துடுவேன்."

பொன்னுலிங்கம் படத்தை மேசையில் விரித்தார்.

கரிசல்குளம் கால்பந்து மைதானம். ஊரில் கோயிலுக்கு அடுத்தபடி அதுதான். அடுத்தபடிதானா என்பதில்கூடச் சிலருக்குச் சந்தேகம் உண்டு.

மைதானத்து வாசலில் மாட்ட அவரிடம்தான் படம் கேட்டிருந்தார்கள். டீச்சர் சரி என்று சொன்னால்தான் கொடுப்பேன் என்று இவரும் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஜெசிந்தா டீச்சர் அவரைவிட வயதில் சின்னவர். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக் கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடையைப் பூட்டிவிட்டுப் படம் கற்றுக்கொள்ள இவர் டீச்சர் வீட்டுக்குப் போய்விடுவார்.

டீச்சர் படத்தைப் பார்த்தார். கோல் கம்பங்கள், விளக்குக் கம்பங்கள், எதிரே கிழக்குக் கேலரி, தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் ஒரு காக்கா. ஒன்றும் தப்பவில்லை.

"நம்ம ஊர்க்காரங்க எங்க அண்ணாச்சி?"

"மேற்குக் கேலரில."

"மேற்குக் கேலரி எங்க?"

"அதுல உக்காந்துதானே டீச்சர் வரையறேன். அது எப்படித் தெரியும்?"

டீச்சர் படத்தைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

"வர்ற மேட்சுக்குக் கிழக்குக் கேலரில உக்காருங்க."

பொன்னுலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிழக்குக் கேலரி வெளியூர்க்காரர்களுக்கு. சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும் என்பதற்காகவே கரிசல்குளத்தார் அவர்களுக்கு அன்போடு ஒதுக்கி வைத்த இடம்.

"அங்க போய் உக்காந்தா ஊர்ல எவன் என்னை மதிப்பான்?"

"போயிட்டு வாங்க."

போனார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு போனார். எதிர் அணியான வேப்பங்காட்டு ஆட்களுக்கு நடுவில், எதிரி வீட்டுக் கல்யாணத்தில் மாட்டிக்கொண்டவர் மாதிரி வாயைத் திறக்காமல் உட்கார்ந்தார்.

வெயில் கண்ணைப் பிடுங்கியது. இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் யார் என்று மனசுக்குள் வைதார். செய்த கமிட்டியில் அவரும் ஒருத்தர்.

கரிசல்குளம் ஒரு கோல் போட்டது.

மேற்குக் கேலரி மொத்தமும் எழுந்தது. ஒரு முகமும் தெரியவில்லை. பின்னால் சூரியன் இருந்ததால் எல்லாரும் சேர்ந்து ஒரே கருப்பாக எழுந்து நின்றார்கள். இத்தனை காலம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்தவர் அவர். அது நெஞ்சில் வந்து மோதும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பெருமையில் அழுகை வந்துவிட்டது. துண்டு இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

பக்கத்தில் இருந்த வேப்பங்காட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இவனுங்க சத்தத்துலயே நம்ம பயலுக பாதி தோத்துர்றானுங்க."

பொன்னுலிங்கம் துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார்.

"அந்த உச்சிப்படியைப் பாருங்க. நிக்கக்கூட இடமில்ல, ஒருத்தன்மேல ஒருத்தன் விழறான். நடுவுல ஒரு இடத்தை மட்டும் அப்படியே விட்டு வச்சிருக்கானுங்க. யாரோ பெரிய மனுசன் வரணும் போல."

பொன்னுலிங்கம் துண்டை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

உச்சிப்படியில் தலைகள் வரிசையாகக் கருத்துக் கிடந்தன. நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. அது வழியாக வெயில் வந்து அவர் முகத்தில் விழுந்தது.

அவர் எப்போதும் உட்கார்ந்து வரையும் இடம் அது. இன்றைக்கு வரமாட்டேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. பட்டாவா பத்திரமா, யார் எழுதி வைத்தது? நெருக்கியடித்து நின்றவன்கூட அதில் கால் வைக்கவில்லை.

"பெரிய மனுசனெல்லாம் இல்ல," என்றார். "டயர் கடைக்காரன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப் படத்தை விரித்தார்.

காக்கா இல்லை. தண்ணீர்த் தொட்டி இல்லை. மேற்குக் கேலரி மட்டும், கீழ்ப்படியிலிருந்து உச்சி வரை கரியால் எழுந்து நின்றது.

டீச்சர் வெகுநேரம் பார்த்தார். உச்சிப்படியில், காகிதம் வெள்ளையாகவே விடப்பட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு ஆளை விட்டுட்டீங்களே அண்ணாச்சி."

"விடல டீச்சர். அதுதான் நான்."