அரியணை போன தெரு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால், "எங்கள் ஊரைத்தானே சொல்கிறாய்?" என்று நாலு பேராவது சண்டைக்கு வருவார்கள். எனக்கு இருக்கிற அலுப்பு போதும்.

அந்த ராஜ்ஜியத்தின் தலைநகரில் சாவடித் தெரு என்று ஒரு தெரு. அதில் மாதையன் என்ற நெசவாளர் இருந்தார். அவருடையது குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் நெய்ய வேண்டும். அரண்மனைப் பிரதானிகள் கட்டுகிற பட்டு வேட்டிகளில் பாதி அந்தக் குழியில் பிறந்தவை.

மாதையன் வீட்டு வாசலில் சாக்கடைமேல் ஒரு கல்பாலம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அது இடிந்து சாக்கடையிலேயே விழுந்தது. அன்றிலிருந்து மழை பெய்தால் தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி வந்து அவர் தறிக்குழியில் நிறைந்துவிடும். தறியில் பூட்டிய பாவு நூல் நனையும், பட்டு நாறும். பின்சுவர் போன மழையில் விழுந்தது. பக்கச் சுவர் இந்த மழைக்காகக் காத்திருந்தது.

மனுக் கொடுக்காமல் இல்லை. ஒன்பது தடவை கொடுத்தார். ஒன்பது தடவையும் நகர அதிகாரி வடமலையப்பர் ஓலையில் 'ஆவன செய்யப்படும்' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். கையெழுத்தைக் குறை சொல்ல முடியாது. ஒன்பதும் ஒரே மாதிரி இருக்கும்.

ஐப்பசி பிறக்க இருபது நாள் இருக்கையில், மாதையன் அந்த ஓலைக்கட்டோடு அரண்மனை விகடன் சாத்தப்பனைத் தேடிப் போனார்.

"வாங்கண்ணே, உக்காருங்க" என்றான் சாத்தப்பன்.

"உக்கார நேரமில்லப்பா. இந்த மழைக்கும் குழி ரொம்பிச்சின்னா தறியப் பிரிச்சு வித்துட்டு வெளியூருக்குக் கல்லு உடைக்கத்தான் போகணும். கோபப்படக்கூட எனக்கு இப்பத் தெம்பில்ல. கடைசியா ஒரு தடவ சொல்லிப் பாக்கலாம்னு வந்தேன்."

மறுநாள் சபையில் சாத்தப்பன் விஷயத்தைச் சொன்னான். ராஜா வடமலையப்பரைப் பார்த்தார். பாலம் பத்திரமாக இருப்பதாகவும், தாமே போய்ப் பார்த்ததாகவும் அவர் கூசாமல் சொன்னார். அவருக்கு நெடுநாளாகவே சாத்தப்பன்மேல் புகைச்சல். ராஜா சிரிப்பதெல்லாம் அவன் பேச்சுக்குத்தானே.

"அப்படியானால் நாமே நேரில் பார்த்துவிட்டால் என்ன?" என்றார் ராஜா.

வடமலையப்பர் முந்திக்கொண்டார். அரசர் அரியணையை விட்டு எழுந்து சாக்கடை பார்க்கப் போவது மரபுக்கு இழுக்கு என்றார். சாத்தப்பன் கெட்டிக்காரன் ஆயிற்றே, அரசர் எழாமலே பார்க்க அவன் ஒரு வழி செய்யட்டுமே என்றும் சொல்லிவைத்தார். ராஜாவுக்கு முழங்கால் வலி வேறு. அந்த யோசனை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"சாத்தப்பா, யாம் அரியணையை விட்டு எழமாட்டோம். ஆயினும் அந்தப் பாலத்தை எம் கண்ணால் காண வேண்டும். படமும் கண்ணாடியும் கூடாது. மூன்று நாள் தவணை. தவறினால் நீ சொன்னது பொய் என்று கொள்வோம். பிறகு நீ இந்த வாசலை மிதிக்கக் கூடாது" என்றார் ராஜா.

மூன்றாம் நாள் காலை. ராஜா வந்து அரியணையில் அமர்ந்ததும், சாத்தப்பன் பன்னிரண்டு கல்தச்சர்களோடு உள்ளே வந்தான். கோயில் தூண்களைச் சுமந்து பழகிய தோள்கள். கம்பு கொடுத்து, அரியணையை ராஜாவோடு சேர்த்துத் தூக்கி, வாசலில் நின்ற, பாறாங்கல் ஏற்றும் கல்வண்டியில் வைத்துவிட்டார்கள்.

"தாங்கள் எழ வேண்டாம், மகாராஜா. சாய்ந்தே உட்காருங்கள்" என்றான்.

ராஜாவுக்கு உற்சவமூர்த்தி ஆகிவிட்ட மாதிரி ஒரே குஷி.

அந்த ராஜ்ஜியத்தில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. அரியணை எங்கே இருக்கிறதோ அங்கேதான் சபை. பிரதானிகள் அங்கேயும் அவரவர் இடத்தில் நின்றாக வேண்டும். இரண்டாவது, எடுத்த மனு முடியாமல் சபை கலையக் கூடாது. இரண்டையும் வடமலையப்பர்தான் ஊருக்கெல்லாம் ஓதிக்கொண்டிருந்தவர்.

சாத்தப்பன் வண்டியை மாதையன் வாசலில் அளந்து நிறுத்தினான். ராஜாவுக்கு இடப்புறம் நாலடி தள்ளி வடமலையப்பர் இடம். நாலாவது அடியில் இடிந்த பாலம். அவர் ராஜாவைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார், பட்டு வேட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்கினார். முழங்கால் ஆழம். அவருக்குப் பின்னால் நிற்க வேண்டிய கருவூல அதிகாரியும் இறங்கினார்.

ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டு பாலம் கிடந்த கோலத்தைப் பார்த்தார். விழுந்த சுவரையும் பார்த்தார். மாதையன் ஓலைக்கட்டை நீட்டினார்.

"ஒன்பது முறையா? எம்மிடம் ஏன் நேரில் சொல்லவில்லை?"

"சொன்னேன் மகாராஜா. ரெண்டாந் தடவ ஒங்ககிட்டதான் சொன்னேன். பாக்கலாம்னு சொன்னீங்க."

ராஜா ஓலைகளை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்தார். அவருக்கு உண்மையிலேயே வெட்கமாகத்தான் இருந்தது.

சாத்தப்பன் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தான். "மகாராஜா, வழக்கம்போல 'ஆவன செய்யப்படும்' என்று பத்தாவது ஓலை ஒன்று எழுதச் சொல்லட்டுமா? பாலம் முடிகிறவரை சபை இப்படியே நிற்கட்டும்."

"வேண்டாம் மகாராஜா, இன்றே கட்டிவிடலாம். கல்தச்சர்கள் இங்கேயே நிற்கிறார்கள்" என்றது சாக்கடையிலிருந்து ஒரு குரல்.

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். அரியணை ஆட, வண்டி ஆட, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்று பொழுது சாய்வதற்குள் பாலம் முடிந்தது. ஆறு வருஷத்து வேலைக்கு ஒரு பகல்கூட முழுசாக ஆகவில்லை. என்ன பரிசு வேண்டும் என்று ராஜா கேட்டார். சாத்தப்பன் அந்தக் கல்வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அரியணை மட்டும் அரண்மனைக்குத் திரும்பியது.

ஐப்பசி மழை கொட்டியது. மாதையன் எட்டு நாள் தறியில் உட்காரவில்லை. தினமும் குழிக்குள் கையைவிட்டுத் தடவிப் பார்த்தார். மண் காய்ந்தே இருந்தது. ஒன்பதாம் நாள்தான் நம்பிக் காலைத் தொங்கவிட்டார்.

அதன் பிறகு சாத்தப்பன் வெறும் வண்டியை ஏதாவது ஒரு தெருமுனையில் நிறுத்திவைப்பான். அரியணை வரப்போகிறதோ என்ற பயத்தில் மறுநாளே அங்கே மண்வெட்டிச் சத்தம் கேட்கும். வண்டி நிற்காத தெருவில் ஒரு கல்கூட அசையாது.

ஊரில் நூற்றிருபது தெருக்கள். ஒருநாள் காலை மேட்டுத் தெருவிலிருந்து பொன்னாயி என்றொரு அம்மாள் பதினோரு ஓலைகளோடு வந்து சாத்தப்பன் வீட்டு வாசலில் நின்றாள். சாத்தப்பன் எல்லாவற்றையும் படிக்கவில்லை. மேலோலையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து மாடுகளை வண்டியில் பூட்டினான்.

"ஏறி உக்காருங்கம்மா, வழி சொல்லுங்க" என்றான்.