தழை போர்த்தின கூடு

ஒரு மலையில ஒரு தேயிலைத் தோட்டம் இருந்துச்சாம். அங்க கொழுந்து பறிக்கிறவ ஒருத்தி, அங்கம்மான்னு பேரு. "ம்" கொட்டிக்கிட்டே கேளு கண்ணு, நீ நிறுத்துனா நானும் நிறுத்திடுவேன்.

அந்த வருஷம் மார்கழியில அப்படியொரு பனி. வாளித் தண்ணி கல்லாட்டம் இறுகிப் போச்சு. புல்லு மேல நடந்தா நறுக் நறுக். செடி கரிஞ்சிடக் கூடாதேன்னு ஜனங்க காட்டுத் தழைய வெட்டிக் கொண்டாந்து ஒவ்வொரு செடியாப் போர்த்தினாங்க. அங்கம்மா புருஷன் செல்லமுத்துவும் போனான். குளிர்ல நின்னு நின்னு நெஞ்சுல சளி கட்டி, தை பொறக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டான். அத்தனை செடிக்கும் போர்த்தினவனை ஒரு கம்பளி காப்பாத்தல பாரு.

அப்புறம் அவ வேலைக்குப் போவா, வருவா. வீட்டுக்குள்ள வந்தா வாயத் திறக்க மாட்டா. முன்னெல்லாம் தோட்டத்துல நடந்ததை ஒண்ணுவிடாம அவன்கிட்ட சொல்லுவா. இப்போ யார்கிட்ட சொல்லுவா? ம்?

பங்குனி வந்துச்சு. கரிஞ்ச செடியும் துளிர்த்துச்சு. அங்கம்மா தன் வரிசையில பறிச்சுக்கிட்டே போறா, சர்க் சர்க் சர்க். கை அதுபாட்டுக்கு ஓடுது, மனசு வேற எங்கயோ. அப்போ விர்ர்ருனு செடிக்குள்ள இருந்து ஒரு கொண்டைக்குருவி பறந்துச்சு. பார்த்தா, கிண்ணமாட்டம் ஒரு கூடு, மூணு முட்டை. கூட்டை மறைச்சுக்கிட்டிருந்த கொழுந்தெல்லாம் அவ கையில. இருபது வருஷப் பழக்கம், பார்க்காமலே பறிச்சுட்டா.

"நானே திறந்து விட்டுட்டேனே"ன்னு அங்கலாய்ச்சா. பறிச்சதைத் திருப்பி ஒட்ட முடியுமா? அப்போ பாதையோரமா மார்கழித் தழை காஞ்சு கிடந்துச்சு. ஒரு கொத்தை எடுத்துக் கையில வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னா. செல்லமுத்து வெட்டினதாக்கூட இருக்கலாம் இல்லியா. அப்புறம் அதையே கூட்டுக்கு மேல கூரையாச் செருகி, குருவி போக வர வழி விட்டுத் தள்ளி நின்னா. வருமா, வராதா? கீச்... வந்துச்சு. உக்காந்துச்சு.

மொதல்ல காக்கா வந்துச்சு, கா கா கான்னு. "ச்சூ"ன்னு விரட்டிவிட்டா. அப்புறம் ஆலங்கட்டி மழை, டப டப டப. எல்லாரும் கொட்டகைக்கு ஓட, இவ இடுப்புல கட்டின சாக்கை அவுத்து அந்தச் செடிக்கு மேல பந்தல் போட்டுட்டு, தான் நனைஞ்சுக்கிட்டே வந்தா.

மூணாவதா யாரு? மேஸ்திரி. டக் டக் டக்னு பூட்ஸ் சத்தம்.

"அங்கம்மா, இந்த ஒரு செடிய மட்டும் ஏன் விட்டுட்ட?"

"பனியில அடிபட்ட செடிங்கய்யா."

"பங்குனியில ஏது பனி?"ன்னு தழைய விலக்கினாரு. முட்டையெல்லாம் பொரிஞ்சு, உள்ள மூணு செவந்த வாய், ஆ, ஆ, ஆன்னு. மேஸ்திரி அவ முகத்தைப் பார்த்தாரு. மார்கழியில செல்லமுத்துவைத் தூக்கினப்போ தோள் குடுத்தவரு அவரு.

"நல்லா மூடி வை"ன்னுட்டு அடுத்த வரிசைக்குப் போயிட்டாரு.

தூங்கிட்டியா? இல்லியே? ம்.

ஒருநாள் காலையில குஞ்சுங்க கூட்டு விளிம்புல வந்து நின்னுச்சு. ஒண்ணு பறந்துச்சு, படபட. இன்னொண்ணு, படபட. மூணாவது தொப்புனு விழுந்துச்சு. அங்கம்மா கை நீட்டப் போனா, நீட்டல. தாய்க்குருவி செடி உச்சியில உக்காந்து கூப்பிட்டுச்சு. விழுந்த குஞ்சும் எழும்பி, ஆடி ஆடி, சவுக்கு மரத்துக்குப் போயிடுச்சு. அங்கம்மாவுக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தா. கூடைய இறக்கி வைக்கல, விளக்கப் போடல. செல்லமுத்து போட்டோ முன்னாடி போய் நின்னா.

"ஏங்க, சேதி தெரியுமா? மூணும் பறந்துடுச்சுங்க"ன்னா. அப்புறம் உக்காந்து, மொத நாள்லேருந்து ஒண்ணுவிடாமச் சொல்ல ஆரம்பிச்சா.

அவ சொல்லி முடிச்சா, நானும் சொல்லி முடிச்சேன். குருவியும் தூங்கப் போச்சு. போர்வைய இழுத்துப் போர்த்திக்கோ, கண்ண மூடு.