புதன் முதல் ஞாயிறு வரை

தூத்துக்குடியில் பூரணம் என்று ஒரு பெண்மணி தையல் கடை வைத்திருந்தார். நாற்பத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை மாடியில் பாய் விரிப்பார். பத்துப் பேர் வருவார்கள். ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்வார். பல ஞாயிறுகளில் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்தப் பத்துப் பேரில் மூத்தவர் குற்றாலிங்கம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முன்பு அங்கே வந்துகொண்டிருந்தவர் அவர் மனைவி வடிவுதான். ஆறு வருடமாகக் குற்றாலிங்கம் மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு காத்திருப்பார். வடிவு இறந்த மூன்றாவது வாரம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மாடியேறி வந்தார். வடிவு உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். எட்டு மாதமாக வந்தார். ஒன்றும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு, எல்லோரும் போன பிறகும் எழுந்திருக்காமல் இருந்தார். பூரணம் பாய்களைச் சுருட்டும்வரை காத்திருந்து கேட்டார்.

"ஆளில்லாத வீட்டுல எப்படிம்மா இருக்கது?"

பூரணம் அவர் கையைப் பார்த்தார். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. ரத்தம் ஊறிக் காய்ந்திருந்தது.

"கையில என்ன ஐயா?"

ஃபிரிட்ஜின் மேல்தட்டில் ஐஸ் கட்டிப் போய்விட்டது என்றார். கதவு மூடவில்லை. விடியற்காலையிலிருந்து கத்தியால் கொத்திக்கொண்டிருந்தார். கத்தி நழுவிவிட்டது.

"அணைச்சுப் போட்டா தானா உருகிருமே."

"அணைக்க முடியாது. உள்ளே ஒண்ணு இருக்கு. அது உருகக் கூடாது."

என்ன என்று பூரணம் கேட்கவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு வருவதாகவும், அதுவரை கத்தியைத் தொட வேண்டாம் என்றும் சொன்னார். உள்சுவரில் கத்தி பாய்ந்தால் கேஸ் வெளியேறிவிடும், பிறகு ஃபிரிட்ஜே போய்விடும் என்றார்.

கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையே என்று குற்றாலிங்கம் நினைத்தார். ஆனாலும் அன்று பகல் முழுக்கக் கத்தியைத் தொடவில்லை. கதவு திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து, அதன்மேல் அரிசி வாளியைத் தூக்கி வைத்தார்.

மறுநாள் பூரணம் மீன் கடையிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி கொண்டுவந்தார். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியதாகச் சொன்னார். அதன் அடியில் நொறுக்கிய ஐஸும் கல்லுப்பும் பரப்பியிருந்தது. உப்புச் சேர்ந்தால் ஐஸ் இன்னும் குளிரும் என்றார். வீட்டிலிருந்த பழைய பேப்பரையும் ஒரு கம்பளியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் மாடி வீடு. சமையலறையில் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அடுப்புமேல் தூசி படிந்திருந்தது.

மேல்தட்டின் கதவைத் திறந்தார்கள். உள்ளே சுற்றிலும் வெள்ளையாக, நடுவில் மட்டும் இடம் விட்டு, ஐஸ் ஏறியிருந்தது. அதற்குள் ஐந்து டப்பாக்கள். மூடியில் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் எழுதியிருந்தது. புதன், வத்தக்குழம்பு. வியாழன், பருப்பு. அது வடிவின் எழுத்து என்று பூரணத்துக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

நான்கு டப்பாக்கள் அசைத்ததும் வந்தன. ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார். ஞாயிறு மட்டும் வரவில்லை. பின்சுவரோடு சேர்ந்து உறைந்திருந்தது.

பூரணம் சுவிட்சை அணைத்தார். மோட்டார் நின்றது. எட்டு மாதத்தில் அந்த சுவிட்சை யாரும் அணைத்ததில்லை. குற்றாலிங்கம் ஸ்டூலை இழுத்துப்போட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

பூரணம் அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டார். கொதித்ததும் இரண்டு எவர்சில்வர் சட்டிகளில் ஊற்றி, மேல்தட்டுக்குள் தடித்த துணியை மடித்துப்போட்டு அதன்மேல் வைக்கப் போனார்.

"அந்த டப்பா உருகிரும்," என்றார் குற்றாலிங்கம்.

"அதைச் சுத்தி ஐஸ் இருக்கே. முதல்ல அதுதான் உருகும்."

"உறுதியாத் தெரியுமா?"

பூரணம் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஆவி அவர் முகத்தில் அடித்தது. குற்றாலிங்கம் சரி என்று தலையசைத்தார். அதன் பிறகுதான் பூரணம் சட்டிகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றினார்கள். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தடவை உள்ளே ஏதோ விரிசல் விட்ட சத்தம் கேட்டது. மூன்றாம் தடவை திறந்தபோது கூரையிலிருந்து ஒரு பாளம் அப்படியே கழன்று விழுந்தது. பூரணம் மரக்கரண்டியின் பிடியால் ஓரங்களை நெம்பினார். கொத்தவில்லை, நெம்ப மட்டும் செய்தார். கீழே வாளியில் ஐஸ் நிறைந்தது.

கடைசியில் ஞாயிறு டப்பா சுவரைவிட்டுப் பெயர்ந்து வந்தது. அதைச் சுற்றி விரற்கடை கனத்துக்கு ஐஸ் ஒட்டியிருந்தது. குற்றாலிங்கம் அதைத் தட்டி எடுக்கப் போனார்.

"இருக்கட்டும். அதோடவே வைங்க," என்றார் பூரணம். கம்பளியால் பெட்டியை மூடினார்.

உள்ளே துளி ஈரம் இல்லாமல் துடைத்து, சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது. உள்ளே நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் டப்பாக்களைத் திரும்ப வைக்க முடியும். இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் குற்றாலிங்கம் சொன்னார். வடிவுக்கு இருதய வால்வில் ஆபரேஷன் என்று நாள் குறித்ததும், இவருக்காக ஏழு நாளைக்கு ஏழு டப்பா சமைத்து வைத்தார். ஆஸ்பத்திரி கேண்டீனில் சாப்பிட வேண்டாம், மத்தியானம் வீட்டுக்கு வந்து சாதம் மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சுட வைத்துச் சாப்பிட வேண்டும் என்று ஆட்டோவில் ஏறும்போதுகூடச் சொன்னார். திங்கட்கிழமை குற்றாலிங்கம் வந்து சாப்பிட்டார். செவ்வாய்க்கிழமையும் வந்தார். தட்டில் பாதி இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கை கழுவாமல் ஓடினார்.

"நான் போய்ச் சேரும்போது முகத்தை மூடியிருந்தாங்க."

குற்றாலிங்கம் கட்டைவிரல் துணியை இழுத்து இறுக்கினார்.

"அவ அங்க போய்க்கிட்டு இருந்திருக்கா. நான் இங்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேன். இதை யாருட்டயும் சொல்லலம்மா."

"அன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்டார் பூரணம்.

"சாம்பார்."

"எப்படி இருந்துச்சு?"

எட்டு மாதத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. குற்றாலிங்கம் யோசித்தார்.

"உப்பு கம்மி. டாக்டர் அவளுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தாரு. அந்தக் கைப்பழக்கத்துல எனக்கும் அப்படியே வச்சிருந்தா. வந்ததும் சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே சாப்பிட்டேன்."

சொல்லி முடித்ததும் அவர் உதடு கோணியது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பூரணம் எழுந்துபோய் வாளியிலிருந்த ஐஸைத் தொட்டியில் கொட்டிவிட்டு, தரையிலிருந்த தண்ணீரைத் துடைத்தார். பூரணம் முடிக்கும்வரை குற்றாலிங்கம் முகத்திலிருந்து துண்டை எடுக்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து டப்பாக்களை வைத்தார்கள். ஒன்றுகூட இளகவில்லை. எல்லாம் கல் மாதிரி இருந்தன. கதவு லேசாகத் தள்ளியதும் மூடிக்கொண்டது. குற்றாலிங்கம் அதை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார்.

"இப்படியே எத்தனை நாள் இருக்கும்?"

"கரண்ட் இருக்கிறவரைக்கும் இருக்கும் ஐயா. கெட்டுப் போகாது. ருசி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிரும்."

பூரணம் தெர்மாகோல் பெட்டியைக் குளியலறையில் கழுவிக் கவிழ்த்தார். வெளியே வெயில் ஏறியிருந்தது. கீழ்வீட்டில் தாளிக்கும் வாசனை வந்தது. பூரணம் கை துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது, குற்றாலிங்கம் புதன் டப்பாவை எடுத்து மேடைமேல் வைத்திருந்தார். கையில் அரிசி அளக்கும் உழக்கு இருந்தது.

"ஒரு உழக்கு போடுறேன். அரை மணி நேரத்துல ஆயிரும். நீங்களும் இருந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கம்மா. எனக்குத் தனியா முடியாது."

பூரணம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார். காலையிலிருந்து அவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"அது எனக்காகச் சமைச்சது இல்ல ஐயா."